வெட்டுப் பட்டியலில் முதல் பெயர்

எல்வுட் கிராண்டல் ஓய்வு பெற்ற அன்று ஆபீசில் கேக் வெட்டினோம். அவரைப் பற்றி நாலு வார்த்தை பேசு என்று என்னைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார்கள். பத்தொன்பது வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவள் நான்தானே. "கடமை தவறாதவர்" என்றேன். "கண்ணியமானவர்" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். அந்த இரண்டையும் சொல்லும்போது என் நாக்கு கூசியது. அன்று சொல்லாமல் விழுங்கியதை இப்போது சொல்கிறேன்.

வாஷிங்டனில் எங்களுடையது ஒரு சின்ன ஆபீஸ். வணிகத் துறையின் கீழ் ஆறுகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. எந்த ஆறு எங்கே எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து, கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை கொடுக்க வேண்டும். வணிகத் துறைக்கும் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் போலீஸ், ராக்கெட், மீன், வானிலை, மக்கள்தொகைக் கணக்கு எல்லாமே ஒரே மசோதாவில்தான் வரும். வருஷம் ஒரு தடவை காங்கிரஸ், அதாவது இந்த நாட்டுப் பாராளுமன்றம், அந்த மசோதாவை நிறைவேற்றினால்தான் எங்களுக்குச் சம்பளம்.

எல்வுட் எங்கள் பட்ஜெட் அதிகாரி. ஒல்லியான ஆள். கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு டை, சட்டைப் பையில் ஒரே நீளத்துக்குச் சீவிய மூன்று பென்சில். மதியம் பன்னிரண்டடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது கீழ்த்தளத்துக்குப் போய் அவரைக்கொட்டை சூப் வாங்குவார். பன்னிரண்டு மணிக்கு வரிசை நீண்டுவிடுமாம். ஒஹையோவில் ஒரு சோளக்காட்டு ஊரில் பிறந்தவர். இருபத்து மூன்று வயதில் இங்கே வந்தார், அதன் பிறகு ஓர் ஆற்றைக்கூட நேரில் போய்ப் பார்த்ததில்லை. போட்டோமேக் ஆற்றைத் தினமும் காரில் தாண்டுவார். அப்போதும் பேப்பர்தான் படித்துக்கொண்டிருப்பார், கார் ஓட்டுவது பக்கத்து வீட்டுக்காரர்.

இந்த மனுஷனுக்கு ஒரே ஒரு வித்தை தெரியும். அந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டே முப்பத்து நாலு வருஷம் ஓட்டிவிட்டார்.

ஒவ்வொரு வருஷமும் மேலிடத்திலிருந்து, "உங்கள் செலவில் இவ்வளவைக் குறை" என்று ஓர் உத்தரவு வரும். மற்ற ஆபீஸ்காரர்கள் உண்மையிலேயே வேண்டாத செலவைத் தேடிக் குறைப்பார்கள். எல்வுட் அப்படிச் செய்ய மாட்டார். எதை வெட்டினால் பெரிய கூச்சல் எழுமோ அதை எடுத்துப் பட்டியலில் முதலில் வைப்பார். எங்கள் பட்டியலில் வருஷா வருஷம் முதல் பெயர் கெட்டில் ஃபோர்க்.

கெட்டில் ஃபோர்க் என்பது கென்டக்கி மலைக்குள் ஒரு குறுகிய பள்ளத்தில் இருக்கிற ஊர். அதே பெயரில் ஒரு காட்டாறு. ஊருக்கு மேலே, ஆறு திரும்புகிற இடத்தில், எங்கள் கண்காணிப்புக் குடிசை ஒன்று இருந்தது. தண்ணீரில் நட்ட அளவுக்கம்பு, ஒரு சைரன், அதைப் பார்த்துக்கொள்ள வெர்லீன் ராட்லிஃப் என்று ஒரு விதவை. மழை வலுத்தால் வெர்லீன் போய் அளப்பாள். தண்ணீர் எட்டடியைத் தாண்டினால் சைரனை அழுத்துவாள். ஊர் சனம் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓட முக்கால் மணி நேரம் கிடைக்கும். அந்த முக்கால் மணி நேரம்தான் அந்த ஊருக்கு உயிர்.

இந்த நிலையம் தேவையில்லை என்று பிப்ரவரி மாதம் எல்வுட் எழுதுவார். "இருபது மைல் கீழே இன்னொரு நிலையம் இருக்கிறது, அதுவே போதும்" என்று காரணமும் எழுதுவார். அடப்பாவி, கீழே இருக்கிற நிலையத்தில் தண்ணீர் ஏறுவது மேலே ஊர் மூழ்கிய பிறகுதானே! அது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எழுதுவார்.

ஏனென்றால் எங்களுக்குப் பணம் ஒதுக்கும் கமிட்டியில் பர்ல் டேக்கெட் என்று ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். கெட்டில் ஃபோர்க் அவருடைய தொகுதி. மார்ச் மாத விசாரணையில் எங்கள் இயக்குநரை முன்னால் உட்காரவைத்து, எல்வுட் எழுதிய பட்ஜெட் புத்தகத்தைத் தூக்கி ஆட்டி, "என் சனத்தை மூழ்கடிக்கப் பாக்குறீங்களாய்யா?" என்று கர்ஜிப்பார். அவருடைய ஊர்ப் பத்திரிகையில் மறுநாள் அவர் படம் வரும். கமிட்டி கெட்டில் ஃபோர்க்குக்குப் பணத்தைத் திருப்பி வைக்கும். வைத்த கையோடு எங்களுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கும். பர்லுக்கு வோட்டு, எங்களுக்குப் பணம். வெளியே தாழ்வாரத்தில் பர்ல் எல்வுட்டின் முதுகில் ஓங்கித் தட்டுவார்.

"அடேய் எல்வுட், இந்த வருசம் இன்னும் கொஞ்சம் காரமா எழுதியிருக்கலாம்டா. எனக்குக் கோவமே சரியா வரல."

"அடுத்த வருஷம் பாத்துக்கலாங்க ஐயா."

கிறிஸ்துமஸுக்கு பர்லிடமிருந்து உப்பிட்ட பன்றித் தொடை ஒன்று எல்வுட் வீட்டுக்குப் போகும். இப்படிப் பதினாறு வருஷம். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஆடு மாதிரி கெட்டில் ஃபோர்க்கை வருஷா வருஷம் மாலை போட்டு இழுத்துக்கொண்டு போவார், வெட்டாமல் திரும்ப ஓட்டிக்கொண்டு வருவார். அந்த ஆட்டை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இதில் என் வயிறு எரிகிற விஷயம் ஒன்று இருக்கிறது. தன் ஊர்க்காரர்களிடம் பர்ல் என்ன சொல்லிவைத்திருந்தார் தெரியுமா? "வாஷிங்டன்ல எல்வுட் கிராண்டல்னு நம்மாளு ஒருத்தன் இருக்கான். அவன்தான் உங்க நிலையத்தக் காப்பாத்திக் குடுக்குறான்." வெர்லீன் அதை அப்படியே நம்பினாள். ஒவ்வொரு நவம்பரிலும் அவளிடமிருந்து ஒரு பார்சல் வரும். ஆப்பிளை நாள் முழுக்கக் கிண்டிச் சுண்டவைத்த பழப்பாகு, ஒரு கண்ணாடி ஜாடி நிறைய. மூடியில் துணி கட்டி ஒரு சீட்டு: "கிராண்டல் ஐயாவுக்கு, எங்கள் உயிரைக் காப்பாற்றியதற்கு."

எல்வுட் அதை ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார். எனக்கும் ஒரு துண்டு நீட்டுவார். நானும் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. காலி ஜாடிகளைக் கழுவி, சீட்டு கழுத்தில் தொங்கியபடியே ஜன்னலோரம் வரிசையாக வைப்பார். ஒன்றில் பென்சில், ஒன்றில் கிளிப், ஒன்றில் ரப்பர் பேண்ட்.

"உங்களுக்கு இது தொண்டையில எறங்குதா எல்வுட்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஏன், சீனி அதிகமா இருக்கா?" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

பதினேழாவது வருஷம் பர்ல் டேக்கெட் தேர்தலில் தோற்றார். "டேக்கெட் கிழவன் ஊதாரி, அரசுப் பணத்தைச் சொந்தத் தொகுதிக்கு வாரி இறைக்கிறான்" என்று சொல்லி ஒரு பல் டாக்டர் ஜெயித்துவிட்டான். அந்த வருஷம் இரண்டு கட்சியும் மல்லுக்கட்டி மசோதாவே நிறைவேறவில்லை. கடைசியில் ஏப்ரலில், "எல்லாருக்கும் போன வருஷத் தொகையே இந்த வருஷமும். எந்த உறுப்பினரும் இந்த ஊருக்கு இவ்வளவு என்று தனியாகச் சொல்லக் கூடாது. எதற்கு எவ்வளவு என்று ஆபீஸ்களே முப்பது நாளில் முடிவு செய்து எழுதி அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டுக் கலைந்தார்கள்.

இதைக் கவனமாகக் கேளுங்கள். பணம் கையில் இருந்தது. கெட்டில் ஃபோர்க்குக்குப் போன வருஷம் வந்த அதே பணம், ஒரு காசு குறையவில்லை. அதை வைத்துக்கொள்ளாதே என்று யாரும் சொல்லவுமில்லை. எல்வுட் பேனாவை எடுத்து, "கெட்டில் ஃபோர்க் தொடரும்" என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுத அரை நிமிஷம் ஆகாது.

இயக்குநர் புதுசு. வந்து மூன்று மாசம்தான் ஆகியிருந்தது. ஆறு எந்தப் பக்கம் ஓடும் என்றுகூட எல்வுட்டைக் கேட்டுத்தான் சொல்வார். "இந்த நிலையத்த வச்சுக்கலாமா, எடுத்துரலாமா எல்வுட்?" என்று கேட்டார்.

எல்வுட் அலமாரியைத் திறந்து பதினாறு வருஷத்துப் புத்தகங்களையும் எடுத்து மேஜையில் அடுக்கினார். ஒவ்வொன்றிலும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். "நாமளே பதினாறு தடவ தேவையில்லன்னு எழுதியிருக்கோம் சார். இப்ப நம்ம கைக்கு அதிகாரம் வந்ததும் தேவைன்னு சொன்னா, அப்ப எழுதினது என்னன்னு தணிக்கைக்காரன் கேப்பான்."

இயக்குநர் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அது நாடகம்னு இந்தக் கட்டடத்துல இருக்குற பூனைக்குக்கூடத் தெரியும் எல்வுட்!"

"தெரியலாம் லுவெல்லா. ஆனா எழுத்துல எங்க இருக்கு? எழுத்துல இருக்குறது ஒண்ணுதான்."

"ஊரு மூழ்கிப் போகுமேய்யா!"

"நான் பொய் எழுதினேன்னு என் வாயால சொல்லச் சொல்றியா? முப்பது வருஷ சர்வீஸ்ல?"

அதற்குமேல் அவரோடு பேசி என்ன பயன்? அவர் கண்ணில் ஓர் ஊர் தெரியவில்லை. பதினாறு புத்தகம்தான் தெரிந்தது.

விஷயம் எப்படியோ கெட்டில் ஃபோர்க்குக்கு எட்டிவிட்டது. அடுத்த வாரமே வெர்லீன் கிளம்பி வந்துவிட்டாள். பதினொரு மணி நேரம் பஸ்ஸில். அன்றுதான் அவளை நேரில் பார்க்கிறோம். அறுபது வயதிருக்கும். தேவாலயத்துக்குப் போகிற நல்ல கவுனும், அதற்குக் கீழே கனத்த பூட்ஸும். மடியில் ஒரு பை, பைக்குள் ஜாடி.

"நவம்பர் வரைக்கும் காத்திருக்க மனசில்லீங்கய்யா, அதான் போன வருசத்துது ஒண்ணு மிச்சமிருந்தத எடுத்தாந்தேன்" என்று ஜாடியை மேஜைமேல் வைத்தாள்.

"இதெல்லாம் எதுக்குங்க" என்று எல்வுட் அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"பர்ல் போயிட்டாருன்னு ஊர்ல ஒரே அழுகாச்சி. நான்தான் சொன்னேன், பர்ல் போனா என்னடி, வாஷிங்டன்ல கிராண்டல் ஐயா இருக்காரு, பதினாறு வருசமாக் காப்பாத்துனவரு இப்பக் கைவிட்டுருவாரான்னு. நான் சொன்னது சரிதானுங்களே?"

எல்வுட் பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க கவலை எங்களுக்கு நல்லாப் புரியுதும்மா. எல்லாத்தையும் பரிசீலனை பண்ணிட்டுத்தான் இருக்கோம்."

"எனக்குச் சம்பளம் இல்லாட்டியும் பரவால்லீங்கய்யா. சைரன மட்டும் எடுத்துராதீங்க. நான் எம்புட்டுக் கத்தினாலும் கீழ்த்தெரு வரைக்கும் கேக்காது."

"பாக்குறோம்மா. கண்டிப்பாப் பாக்குறோம்."

நான் அவளை லிஃப்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். அங்கே அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பத்திரிகைக்குப் போ, புதுசாக வந்த பல் டாக்டர் வீட்டு வாசலில் போய் உட்கார், இந்த ஆளை நம்பாதே என்று சொல்லியிருக்கலாம். எனக்கு ஓய்வூதியத்துக்கு ஏழு வருஷம் பாக்கி இருந்தது. "பத்திரமாப் போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன். "நல்ல எடத்துல வேலை பாக்குற கண்ணு" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது எல்வுட் ஜாடி மூடியைத் திறந்துகொண்டிருந்தார். அன்று சாயங்காலம் நாலு மணிக்கு நிலையத்தை மூடும் தாளில் கையெழுத்துப் போட்டார்.

குடிசையைப் பூட்டினார்கள். சைரனுக்குப் போன மின்கம்பியை அறுத்தார்கள். அந்தப் பணத்தில் மூன்றாம் மாடிக் கூட்ட அறைக்கு ஒரு சுவர் நிறைய பெரிய திரை வாங்கினோம். நாட்டில் இருக்கிற ஆறெல்லாம் அதில் நீலமாக மின்னும். கெட்டில் ஃபோர்க் இருந்த இடம் மட்டும் சாம்பல் நிறத்தில் கிடக்கும், அங்கிருந்து தகவல் எதுவும் வராததால்.

மறு வருஷம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மலையில் மழை கொட்டியது. சம்பளம் நின்று ஒரு வருஷமாகியும் வெர்லீன் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஆற்றுத் திருப்பத்துக்குப் போனாள். ஒன்பது நாற்பதுக்கு ஏழடி. பத்து மணிக்குப் பதினோரடி. அழுத்துவதற்குச் சைரன் இல்லை. அந்த வயதில், அந்தச் சேற்றில், ஒன்றரை மைல் ஓடியிருக்கிறாள். ஊர் மொத்தமும் தேவாலயத்தில் உட்கார்ந்திருந்தது. பூட்ஸோடு நடுவில் போய் நின்று, பிரசங்கம் செய்துகொண்டிருந்தவரைப் பார்த்துக் கத்தினாளாம்:

"போதகரே, மிச்ச ஜெபத்த மலமேல போயி முடிங்க! எல்லாரும் எந்திரிங்க, ஆறு வருது!"

பிறகு கீழ்த்தெருவில் வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். கோயிலுக்கு வராத நோயாளிகள், குடிகாரர்கள், பால்குடிப் பிள்ளை வைத்திருந்தவர்கள் அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஆற்றங்கரையில் கடைசி வீடு அவளுடையது. அதற்குத் திரும்பிப் போக நேரமில்லை. வீடு, அடுப்பு, புருஷனின் போட்டோ எல்லாம் ஆற்றோடு போய்விட்டன.

பத்து நாள் கழித்து எங்கள் ஆபீசுக்கு ஒரு கடிதம் வந்தது. அன்று காலை அவள் அளந்த ஒவ்வோர் அளவையும் நேரத்தோடு வரிசையாக எழுதியிருந்தாள். அளந்ததை ஆபீசுக்கு அனுப்ப வேண்டும் என்பது பழைய விதி. வேலை போன பிறகும் அந்த விதியை அவள் விடவில்லை. அடியில் ஒரு வரி: "சைரனுக்கு மட்டும் கரண்ட் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

எல்வுட் அதைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. அழப்போகிறாரோ என்று நான்கூட ஒரு கணம் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"இத பத்திரமா ஃபைல்ல வை லுவெல்லா. பிப்ரவரிக்கு வேணும்" என்றார்.

பிப்ரவரியில் அவர் எழுதிக் கொடுத்ததை நான்தான் டைப் அடித்தேன். ஒரு எழுத்து மறக்கவில்லை. "கெட்டில் ஃபோர்க் நிலையம் மூடப்பட்டபின் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் உயிர்ச்சேதம் இல்லை. உள்ளூர்த் தன்னார்வலரின் கண்காணிப்பு, அரசுக்கு எவ்விதச் செலவுமின்றி, போதுமானது என்று நிரூபணமாகியுள்ளது. இதே முறையை மேலும் ஒன்பது நிலையங்களுக்கு விரிவுபடுத்தலாம்." கீழே இணைப்பு: வெர்லீன் ராட்லிஃப் கைப்பட எழுதிய அளவுகள்.

அவள் ஓடிய ஓட்டத்தை எடுத்து அவள் கழுத்துக்கே கயிறாகத் திரித்தார் இந்த மனுஷன். அதற்கு வணிகத் துறை அவருக்குக் கொடுத்தது ஒரு கேடயம். "சிக்கனத்துக்கான சிறப்புச் சேவை" என்று அதில் பொறித்திருந்தது. அதை ஜாடிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் போன் அடித்தது. எல்வுட் சூப் வாங்கப் போயிருந்தார். நான்தான் எடுத்தேன்.

"கிராண்டல் ஐயா இல்லீங்களா? நான் வெர்லீன். ஒரு வெவரம் கேக்கணும். நான் அனுப்புன கடுதாசிக்குப் பதில் வரலயே, கெடச்சுதா கண்ணு?"

"கெடச்சுது."

"அப்ப சைரன்?"

எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் நாலு வருஷம் பாக்கி. ஆனால் அந்தக் குரலுக்கு இன்னொரு தடவை "பாக்குறோம்மா" என்று சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறு வருஷமும் அவள் ஊரைப் பட்டியலில் முதலில் எழுதியது யார் என்று சொன்னேன். பணம் இருந்தும் கையெழுத்துப் போட்டது யார் என்று சொன்னேன். அவள் அளந்து அனுப்பிய காகிதத்தை வைத்து என்ன எழுதினார்கள் என்பதையும், அதை டைப் அடித்தது நான்தான் என்பதையும் சொன்னேன்.

"அப்ப நான் ஓடாம இருந்திருந்தா," என்றாள் மெதுவாக, "பத்துப் பேரு செத்திருந்தா, சைரன் வந்திருக்குமா?"

"வந்திருக்கும்."

"அதுக்காக ஓடாம இருக்க முடியுமா கண்ணு?"

பிறகு அவளே இன்னொன்று கேட்டாள்.

"அந்தாளு அந்த ஜாடியெல்லாம் வச்சிருக்கானா?"

அதுவரை 'ஐயா'வாக இருந்தவர் அப்போதுதான் 'அந்தாளு' ஆனார்.

"வச்சிருக்காரு. ஜன்னலோரமா."

"திருப்பி அனுப்பச் சொல்லு. என் ஜாடியெல்லாம் ஆத்தோட போயிருச்சு. எனக்கு வேணும்."

கேக் வெட்டி முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு நான் ஜன்னலோரம் போனேன். பென்சில், கிளிப், ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் அவர் மேஜைமேல் கொட்டினேன். பதினேழு ஜாடி. ஒவ்வொன்றாகப் பழைய பட்ஜெட் புத்தகத் தாளைக் கிழித்துச் சுற்றினேன். கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்வுட் வந்தார்.

"என்ன பண்ற லுவெல்லா? அது என் ஜாடி."

"உங்களுது இல்ல."

"அந்தம்மா எனக்குன்னு குடுத்தது!"

"உயிரக் காப்பாத்தினவருக்குன்னு குடுத்தது எல்வுட். சீட்டுல எழுத்துல இருக்கு, படிச்சுப் பாருங்க."

அவர் சீட்டைப் படிக்கவில்லை. குனிந்து, கொட்டிக்கிடந்த பென்சில்களை நீளவாரியாக அடுக்க ஆரம்பித்தார். நான் பெட்டியைக் கட்டி, கெட்டில் ஃபோர்க் என்று விலாசம் எழுதி, என் கைக்காசில் தபால் செலவு கொடுத்து அனுப்பினேன். நவம்பரில் யாருக்கும் பார்சல் வரவில்லை.